849 ரூபாயும் அறை வாடகையும்

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 அன்று போனதிலிருந்து, சாமானியருக்குச் சிகிச்சை கைக்கெட்டிவிட்டதுபோல ஒரே ஆரவாரம். சென்னை கோவிலம்பாக்கத்தில் நின்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அங்கே ரேடியல் சாலையில் பெரிய தனியார் மருத்துவமனை வந்துவிட்டது. அதன் பின்தெருக்களில் வாடகைக்குக் குடியிருக்கும் கடைச் சிப்பந்தியும் கார் ஓட்டுநரும் பாலிசி எடுத்திருந்தால், அது பெரும்பாலும் மூன்று லட்ச ரூபாய்க்குத்தான் இருக்கும்.

அந்தப் பாலிசிக்குள் அறை வாடகை வரம்பு ஒளிந்திருக்கிறது. காப்பீட்டுத் தொகையில் நாளுக்கு 1 சதவீதம் என்றால் 3,000 ரூபாய். கிடைத்த அறையின் வாடகை 6,000. மிச்ச 3,000-ஐக் கைக்காசாகக் கட்டினால் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸ் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிக்கும் இந்த வெட்டு கூடாது என்று 2020-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. டாக்டர், தியேட்டர் கட்டணங்களைத் தொடவில்லை. 2024 சுற்றறிக்கையில் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் அனுமதி என்று கெடு வைத்தது. பாதிப் பணம்தான் என்ற சேதி சீக்கிரம் வந்துசேரும், அவ்வளவே. மூத்த குடிமக்களின் பிரீமியத்தைத் தன்னைக் கேட்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. ஐம்பத்திரண்டு வயதுக்காரர் என்ன பாவம் செய்தார்?

இனி என் பழைய பல்லவி: 849 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கு யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குத் தர, 2022-இல் தமிழக அரசு ஒப்புக்கொண்ட பிரீமியம் இது. எண்ணூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு! ஒவ்வொரு சிகிச்சைக்கும் விலையை முன்பே பேசி முடித்துவிட்டதால் அங்கே அறை வாடகைத் தகராறே கிடையாது. ஆனால் சேர வேண்டுமானால் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். மேடவாக்கத்திலிருந்து கிண்டி வரை பத்தாயிரத்தில் குடும்பம் நடத்துபவர் யார்? தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ காப்பீட்டிலும் சேர முடியாது; அதன் 21,000 ரூபாய் சம்பள வரம்பும் 2017-இல் போட்டது, அதைத் தாண்டியவருக்கு இடமில்லை. எந்தக் காப்பீடும் இல்லாதவர்கள் நாட்டில் சுமார் 40 கோடி என்று 2021-இல் நிதி ஆயோக்கே எழுதியது. அரைகுறைப் பாலிசிக்காரர்கள் அந்தக் கணக்கில்கூட வரமாட்டார்கள்.

அறை வாடகை நிபந்தனையை எடுத்தால் பிரீமியம் ஏறும் என்று நிறுவனங்கள் அழும். அழட்டும், இப்போது மட்டும் ஏறாமலா இருக்கிறது? சின்ன பாலிசிக்காரர் சின்ன அறைக்குப் போகட்டுமே என்று உபதேசிப்பவர்கள், நள்ளிரவில் நெஞ்சுவலியோடு யாரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனதில்லை போலும்.

ஆணையம் இந்த வெட்டை அடியோடு ஒழிக்க வேண்டும். தமிழக அரசு தன் அடுத்த ஒப்பந்தத்திலேயே வருமான வரம்பை நீக்கி, 1,20,000-க்கு மேல் சம்பாதிப்பவரும் சொந்தக் காசில் 849-ஐயோ, அதன் இரு மடங்கையோ கட்டிச் சேர வழி செய்யட்டும். அப்புறம் கோவிலம்பாக்கத்தில் மூன்று லட்ச ரூபாய் பாலிசி விற்க எந்த ஏஜென்ட்டும் கதவைத் தட்ட மாட்டார்.