'மார்க் கம்மி டாக்டர்'னு யாரைச் சொல்றீங்க?

1/ "7.5% கோட்டாவுல படிச்சவங்ககிட்ட ஊசி போட்டுக்கவே பயமா இருக்கு"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். செங்கல்பட்டு பக்கம் அரசு டாக்டரா இருக்கேன், சும்மா கடந்து போக முடியல.

2/ 2025 நீட்ல பொதுப்பிரிவு கட்-ஆஃப் 720க்கு 144. அது இருந்து, கையில பெரும் பணமும் இருந்தா தனியார் கல்லூரி மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நிக்கலாம். அவங்க மார்க்கை யாராவது கேட்டீங்களா?

3/ மாமல்லபுரம் பக்கத்துல ஒரு மீனவக் குப்பத்துப் பொண்ணு, அரசுப் பள்ளியில படிச்சு, கோச்சிங் இல்லாம 400 வாங்கினா மட்டும் 'தகுதி' ஞாபகம் வந்துடுது.

4/ 2020ல வந்த அந்த ஒதுக்கீடு சீட்டு வாங்க மட்டும்தான். உள்ளே தனிப் பரீட்சை கிடையாது, அதே அனாடமி, அதே பாஸ் மார்க்.

5/ நான் பிளஸ் டூவுல நல்ல மார்க். முதல் வருஷம் அனாடமியில பெயில் (சோம்பேறித்தனம், வேறென்ன). திரும்ப எழுதி பாஸ் பண்ணேன். என்கிட்ட ஊசி போட்டுக்க யாரும் பயப்படல. ஏன்னு அந்தப் பதிவு போட்டவர் சொல்லட்டும்.