அடைத்த வாயிலும் திறந்த வாயிலும்

ஐக்கிய அமெரிக்க நாட்டில் ஏழை மாணாக்கன் ஒருவன் தொழிற்கல்வி பெற விழைவானாயின், அவன்முன் இரு வாயில்கள் உள. ஒன்று, அரசாங்கப் பொருளால் நடைபெறும் சமுதாயக் கல்லூரி. இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரி இவ்வகைக்கு முன்னோடி. மற்றொன்று, முதலிட்டவர்க்கு இலாபம் ஈட்டும்பொருட்டு நடத்தப்பெறும் தொழிற்கல்லூரி. மருத்துவ உதவியாளர், கணக்கர், மோட்டார் பழுதுபார்ப்போர் முதலாயினாரை இரண்டும் பயிற்றுகின்றன. முன்னதிற் கட்டணம் சிறிது. பின்னதிற் பன்மடங்கு பெரிது. அங்ஙனமாயின் பின்னதை நாடுவார் யாவர்? அறியாதாரே என்று விடைகூறிவிடுதல் எளிது. எனக்கு அது உடன்பாடன்று.

கலிபோர்னியாவிற் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் 2012-இல் உயர்த்தப்பெற்ற பின்னரும் ஓர் அலகுக்கு 46 டாலரே. ஆயினும், மலிந்த பண்டம் கடையில் இருந்தாலன்றோ வாங்கலாம்? 2008-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தோர் கூட்டங்கூட்டமாகக் கல்லூரிகளை நாடினர். அக்காலத்திலேயே மாகாணத்தின் வருவாய் சுருங்கிற்று, கல்லூரிகளுக்கு அளிக்கும் பொருளும் குறைந்தது, வகுப்புக்கள் நீக்கப்பட்டன. தாகமுற்ற வேளையிற் கிணற்றை மூடியவாறாயிற்று.

இலாபக் கல்லூரியின் வாயிலோ அடைபடுவதில்லை. பீனிக்ஸ் சர்வகலாசாலை என்னும் ஒன்றிலேயே 2010-ஆம் ஆண்டளவில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் பயின்றனர். அவர்தம் கட்டணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மத்திய அரசாங்கத்தின் உதவித்தொகையும் கடனுமே. வருவாயில் 90 சதவிகிதத்துக்கு மேல் அரசாங்க உதவியாக இருத்தலாகாது என்று இக்கல்லூரிகளுக்கென ஒரு விதி உண்டு. அத்தகைய விதி வேண்டியிருந்ததே நிலைமையை விளக்கும். செலினி, கோல்டின் என்னும் இரு பொருளியல் அறிஞர் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அரசாங்க உதவிக்குத் தகுதிபெற்ற இலாபப் பள்ளிகள், தகுதிபெறாத ஒத்த பள்ளிகளினும் ஏறக்குறைய முக்காற்பங்கு மிகுதியாகக் கட்டணம் வாங்குகின்றன. கட்டணம் கற்பிக்கும் செலவைப் பற்றி எழுவதன்று. கிடைக்கும் கடனைப் பற்றி எழுவது என்பதே என் துணிபு.

வாங்கிய பொருள் சென்ற வழியும் காண்போம். 30 கம்பெனிகளை ஆராய்ந்து செனட் சபைக் குழுவொன்று 2012-இல் அறிக்கை வெளியிட்டது. அக்கம்பெனிகள் 2009-இல் விளம்பரத்துக்கும் ஆள்சேர்த்தற்கும் வருவாயில் 22.7 சதவிகிதம் செலவிட்டன, 19.4 சதவிகிதம் இலாபமாயிற்று. கற்பித்தற்குச் சென்றது 17.2 சதவிகிதம். நன்னூலார் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுத்தார், ஆள்சேர்ப்பார்க்கு வகுத்தாரல்லர்!

இலாபக் கல்லூரிகளிடத்துக் குணமே இல்லையென்று கூறேன். மாலை வகுப்பு, அடிக்கடி தொடங்கும் பாடமுறை ஆகியவை உழைத்துப் பிழைப்போர்க்குப் பேருதவி. சமுதாயக் கல்லூரியிற் சேர்ந்தோருள்ளும் பலர் இடையே நீங்கிவிடுகின்றனர். எனினும், வகுப்பை மூடி மாகாணம் மிச்சம்பிடித்தது மிச்சமாகாது. அது மத்திய அரசின் பெட்டகத்தினின்றும், மாணாக்கன் இனி ஈட்டப்போகும் கூலியினின்றும் கழிகின்றது. கொரிந்தியன் கல்லூரிகள் என்னும் கம்பெனி 2015-இல் வீழ்ந்தது. அதன் மாணாக்கர் 5,60,000 பேர் பட்ட கடன் 580 கோடி டாலரை 2022-இல் அரசாங்கம் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

கலிபோர்னியாவில் மக்கள் வாக்களித்துச் சமுதாயக் கல்லூரிகளுக்குக் கடன்பத்திர வாயிலாகப் பொருள் அளித்த இடங்களை மேற்கூறிய செலினி 2009-இல் ஆராய்ந்துள்ளார். அவ்விடங்களில் மாணாக்கர் தாமே அரசாங்கக் கல்லூரிக்குத் திரும்பினர். அருகிருந்த இலாபப் பள்ளிகளின் தொகை குறைந்தது. அதற்குத் தடைச்சட்டம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.