படி தாண்டியவளுக்கும் படி அளக்க வேண்டும்

“அவளா கிளம்பி வந்துட்டா. இப்ப போய் கேஸு போட்டா ஜட்ஜே கேப்பாரு, ஒன்ன யாரு வரச் சொன்னதுன்னு.”

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் உறவில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெரியப்பா முறை உள்ள ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையைக்கூடத் துப்பாமல் சொன்ன தீர்ப்பு இது. கூடியிருந்த பத்துப் பேரில் ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. அவள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனாள். ஆறு வருஷம் கழித்து, ஊருக்கு வந்த சட்ட உதவி முகாம் ஒன்றில் விஷயம் தெரிந்து ஜீவனாம்ச மனுப் போட்டாள். மாதம் 6,000 ரூபாய் என்று உத்தரவானது, மனுப் போட்ட தேதியிலிருந்து. அதற்கு முந்தைய மாதங்களுக்குத் தர அவள் மனுப் போட்ட சட்டப் பிரிவில் வழியில்லை. 72 மாதம் போனது போனதுதான். நெல் மண்டி வைத்திருந்த கணவனுக்கு அது பெரியப்பா கொடுத்த மொய்.

‘தானாகப் போனவளுக்கு ஒன்றும் கிடையாது, காசு வேண்டுமென்றால் விவாகரத்து வாங்கிக்கொண்டு கேட்கட்டும்.’ இந்த நம்பிக்கை படிக்காதவர்களுடையது என்று யாரும் நினைக்க வேண்டாம். வங்கி மேலாளர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தலைமை ஆசிரியை சொல்லியும் கேட்டிருக்கிறேன். இரண்டு பாதியும் தப்பு.

முதல் பாதி. கணவனைப் பிரிந்து தனியே இருந்துகொண்டே மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று நாடு விடுதலை ஆவதற்கு முன்பே, 1946-இல், இந்துப் பெண்களுக்காகத் தனிச் சட்டமே வந்துவிட்டது. 1956-இல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு அதை விரித்துச் சொல்கிறது: கொடுமை செய்தால், கைவிட்டால், இன்னொரு மனைவி இருந்தால், வேறு நியாயமான காரணம் இருந்தால், தனியே வாழும் மனைவியின் உரிமை போகாது. எந்த மதத்துப் பெண்ணும் போகக்கூடிய வழி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. கோர்ட்டு வட்டாரத்தில் இதை ‘எம்.சி.’ என்பார்கள்.

பெரியப்பாக்களுக்குக் கால் ஊன்ற ஓர் இடம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். போதுமான காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ‘போதுமான காரணம் இல்லாமல்’ என்ற மூன்று சொல்லை முழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் திண்ணையில் ஓதுகிறார்கள். கணவன் தரப்பும் இந்த இடத்தைத்தான் குறிபார்க்கும். மனைவி எம்.சி. போட்ட மறுவாரமே சேர்ந்து வாழக் கேட்டு ஒரு மனு வந்து விழும். “நான் கூப்பிடுகிறேன், அவள்தான் வர மறுக்கிறாள்” என்பான், பீரோவில் அவள் புடவை ஒன்றுகூட மிச்சம் வைக்காதவன்.

ஜார்க்கண்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் இதேதான் நடந்தது. கணவன் சேர்ந்து வாழும்படி தீர்ப்பே வாங்கிவிட்டான், மனைவி போகவில்லை. ஏன் போகவில்லை? அந்த வீட்டில் கழிப்பறையைப் பயன்படுத்த விடவில்லை, கேஸ் அடுப்பைத் தொட விடவில்லை, கரு கலைந்து கிடந்தபோது அவன் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்றாள். குடும்பநல நீதிமன்றம் மாதம் 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பை மதித்துத் திரும்பிப் போகாதவளுக்குப் பணம் எதற்கு என்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 ஜனவரி 10 அன்று தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, நீதிபதி சஞ்சய் குமார் அமர்வு அந்த 10,000 ரூபாயைத் திரும்பக் கொடுத்தது. சேர்ந்து வாழச் சொல்லும் தீர்ப்பை மனைவி பின்பற்றாததாலேயே ஜீவனாம்ச உரிமை போய்விடாது. போகாததற்குக் காரணம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் சாரம். கழிப்பறைக்கு விடாத வீட்டுக்குத் திரும்பிப் போகாததைக் குற்றமாகப் பார்க்க ஓர் உயர் நீதிமன்றத்தாலேயே முடிந்திருக்கிறது என்றால் திண்ணையை மட்டும் திட்டி என்ன செய்ய?

இரண்டாவது பாதி: ‘விவாகரத்து வாங்கிக்கொண்டு கேட்கட்டும்.’ எத்தனையோ பெண்களுக்கு விவாகரத்து வேண்டாம். மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர் வேண்டும் என்பாள் ஒருத்தி. சர்ச்சில் செய்த சத்தியம் என்பாள் இன்னொருத்தி. விவாகரத்துத் தீர்ப்பு வந்தால் மனைவி என்ற முறையில் வாரிசுரிமையும் போய்விடும் என்று கணக்குத் தெரிந்தவளும் உண்டு. இவர்களுக்காகவே இந்து திருமணச் சட்டத்தின் 10-ஆவது பிரிவில் நீதிமுறைப் பிரிவு இருக்கிறது. விவாகரத்துக்குச் சொல்லும் அதே காரணங்களைச் சொல்லலாம். திருமணம் அப்படியே நிற்கும், அவனோடு ஒரு கூரையின் கீழ் இருக்க வேண்டிய கட்டாயம் மட்டும் போய்விடும், ஜீவனாம்சமும் கேட்கலாம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இது உண்டு. இவ்வளவு காலமாகச் சட்டத்தில் கிடக்கும் ஒரு வாசலை நம் ஆட்கள் திறந்தே பார்ப்பதில்லை. நம் மொழியில் அதற்குப் பேச்சுவழக்குச் சொல்கூட இல்லை. அந்த இடத்தில் நாம் வைத்திருப்பது ‘வாழாவெட்டி’. அதற்கு ஆண்பால் சொல் ஒன்று கேள்விப்பட்டவர்கள் எனக்கு எழுதலாம்.

இவ்வளவையும் சொன்னால் அடுத்த அம்பு தயாராக இருக்கும்: ஜீவனாம்சம் பெண்களுக்கு லாட்டரி. 2024 டிசம்பரில் கோவை குடும்பநல நீதிமன்றத்துக்கு ஒருவர் ஜீவனாம்சப் பணம் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களாக மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். நோட்டாகக் கொண்டு வாருங்கள் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். லாட்டரி என்றால் எவ்வளவு விழுந்தது என்று பார்ப்போமே. இந்தூர் ஷா பானு 43 வருஷம் வாழ்ந்த வீட்டிலிருந்து 1975-இல் துரத்தப்பட்டவர். ஆண்டுக்குச் சுமார் 60,000 ரூபாய் சம்பாதித்த வழக்கறிஞர் கணவர் அவருக்குத் தர வேண்டியது மாதம் 25 ரூபாய் என்றது கீழ் நீதிமன்றம். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 2001-இல் திருத்தும் வரை 125-ஆவது பிரிவில் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு.

இப்போது வரம்பு இல்லை, ஆனால் வருமானமும் இல்லாமல் போய்விடுகிறது. விசாரணைக்கு முந்தைய மாதம் வேலையை ராஜினாமா செய்கிறான். கடை லைசென்ஸ் அம்மா பெயருக்குப் போகிறது. புல்லட்டில் வந்து இறங்கியவன், உள்ளே போய் “கிடைச்ச வேலைக்குப் போறேங்கய்யா” என்றதை நானே பார்த்திருக்கிறேன். இதற்காகத்தான் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று விதித்தது. மனுத் தேதியிலிருந்தே பணம் கணக்கிட வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான்.

பொய் வழக்குப் போடும் பெண் இல்லையா என்றால், இருக்கிறாள். அவளும் அந்தப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வருமானம் இல்லாத கணவன் இந்து திருமணச் சட்டத்தின்படி மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கவும் வழி இருக்கிறது. அதைச் சொன்னால் மட்டும் திண்ணையில் யாரும் நம்புவதில்லை.

ஆகவே, தாய்வீட்டில் பையோடு வந்து நிற்கும் பெண்ணுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்: பஞ்சாயத்து நடக்கட்டும், சமாதானப் பேச்சும் நடக்கட்டும், மனு மட்டும் காத்திருக்க வேண்டாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100. உத்தரவு வந்த பிறகு அவன் பாக்கி வைத்தால் ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும், அதைத் தவற விடாதீர்கள்.