ஊர் சுற்றினால்தான் ஊர்

நம் மொழியில் 'ஊர்சுற்றி' என்பது வசைச்சொல். வேலைவெட்டி இல்லாதவன், பொறுப்பற்றவன் என்னும் பொருளிலேயே அது வழங்கி வருகிறது. ஆனால் பிறந்த மண்ணை விட்டு அயல்நாட்டில் குடியேறும் ஒரு குடும்பத்துக்கு, முதல் ஓராண்டில் வார இறுதிதோறும் ஊர் சுற்றுவதைப் போலப் பொறுப்பான வேலை வேறொன்றில்லை என்பது என் கட்சி.

இதைச் சொல்ல நான் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்வர வேண்டியிருக்கவில்லை. புலம்பெயர்ந்தோர் என்றாலே நம்மவர் அங்கே போவதைத்தான் நினைக்கிறோம். அங்கிருப்போர் இங்கே வருவதும் புலப்பெயர்வுதானே. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்கொண்டு, 1998இல் முதல் காரை வெளிக்கொணர்ந்த காலம்தொட்டு எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கொரியர்கள் நடமாடத் தொடங்கினர். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தபின் ஜப்பானியரும் வந்தனர். இராமாநுசர் அவதரித்த திருப்பெரும்புதூரில் இன்று கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன, கிம்ச்சி கிடைக்கிறது. பல மொழி பேசுவோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதை வகுப்பறையில் நடத்தும்போது மாணவர்கள் பழங்கதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். கல்லூரிக்கு வெளியே நெடுஞ்சாலையில் அதுவே நடந்துகொண்டிருக்கிறது.

என்னிடம் தமிழ் பயின்று, பின்னர்த் தாமே முயன்று கொரிய மொழி கற்று, மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் மாணவர் ஒருவர் இருக்கிறார். தந்தை, தாய், பத்து வயதுப் பையன் என மூவர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு அவர் வார இறுதித் துணையாகவும் போய்வருகிறார். வாரநாள்களில் அம்மூவரும் மூன்று தீவுகள். அவருக்கு ஆலை, பையனுக்குப் பன்னாட்டுப் பள்ளி, அந்த அம்மையாருக்குச் சென்னை அடுக்ககத்தின் எட்டாவது மாடிச் சன்னல். இடையில் காரோட்டியின் முதுகு. இம்மூவரும் ஒரே நேரத்தில், ஒரே மண்ணில் கால்வைப்பது சனி, ஞாயிறுகளில் மட்டும்தான்.

முதல் சில மாதங்கள் வணிக வளாகம், கோல்ஃப் திடல், கொரிய உணவகம் என்று கழிந்தனவாம். அதை நான் ஊர் சுற்றலில் சேர்க்க மாட்டேன். கொரியாவிலிருந்து கொரியாவுக்குப் போய்வருவது அது. அடுத்து மாமல்லபுரம் போனார்கள். ஐந்து இரதங்களின் முன் ஐந்து படம், கடற்கரைக் கோயில் முன் ஒரு படம். இதுவும் அரைக்கிணறுதான். எல்லாரும் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் சுற்றுலாப் பயணி ஆகலாம், குடியானவர் ஆக முடியாது.

திருப்பம் நேர்ந்தது காய்கறிச் சந்தையில். அந்த அம்மையாருக்கு ஊறுகாய் போட முள்ளங்கி வேண்டியிருந்தது. பேரங்காடியில் நெகிழியில் சுற்றியதை விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் சந்தைக்கு அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமும் அதே சந்தை. அதே கிழவியின் கடை. மூன்றாம் வாரம் கிழவி, "வாம்மா, உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்று முள்ளங்கியைக் கொடுத்து, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறாகப் போட்டாராம். கடவுச்சீட்டில் குத்தும் முத்திரையைவிட இந்தக் கொசுறு பெரிது என்பேன். கொசுறு புதியவர்க்குக் கிடைப்பதில்லை, வாடிக்கைக்கே கிடைக்கும். பத்து இடங்களை ஒருமுறை பார்ப்பதினும் ஓரிடத்துக்குப் பத்துமுறை போவது மேல்.

கூட்டத்தில் பையன் தந்தையை "அப்பா" என்று கூப்பிட, சந்தையே திரும்பிப் பார்த்திருக்கிறது! கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணநூல் எழுதியதுண்டு. இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்பதில்லை. நம்மவர் சிலர் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு இரு நாட்டு வரலாற்றையும் திருத்தி எழுதக் கிளம்பிவிடுவதில் எனக்கும் உடன்பாடில்லை. எனினும் முள்ளங்கிக் கடையில் நிற்பவர்க்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அதன்பின் அக்குடும்பம் எங்கள் உத்திரமேரூருக்கு வந்தது. வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருப்பதை வாசகர் அறிவர். குடவோலை என்றவுடன் மேடையில் மார்தட்டுவோர் பலர். சுவரருகே போய் நின்றவர் சிலர். பையன் சுவரைத் தடவிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறான். தமிழ் படித்த என் மாணவருக்கே அந்த எழுத்து பிடிபடவில்லை. அங்கிருந்தே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். விருந்தினர் கேள்வி கேட்கும்போதுதான் நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நாமே பரணில் தேடுகிறோம்.

சொன்னேன். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கலாகாது. வேதக் கல்வியும் தகுதிகளுள் ஒன்று. வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. தந்தையார் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் எங்கள் ஓலை குடத்துக்குள் போகாது" என்றாராம். உண்மைதான். வாடகை வீட்டில் குடியிருக்கும் என் மாணவரின் ஓலையும் போகாது. நிலத்தால் ஊர்க்காரராகும் வழி அது. அந்த வழி அடைபட்டவர்க்குக் காலால் நடந்து ஊர்க்காரராகும் வழி ஒன்றுதான் மிச்சம்.

நம்மவர் அயல்நாட்டில் இதைச் செய்கிறார்களா? நியூஜெர்சியிலும் மெல்போர்னிலும் வாழும் என் மாணவர்களின் வார இறுதிகளைக் கேட்டறிந்திருக்கிறேன். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, இந்திய மளிகை. ஞாயிறு கோயில், நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விருந்து. தமிழ் வகுப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் பெயர் தெரியாமல் எட்டாண்டுகள் கழித்துவிட்டு, "இன்னும் ஊர் பழகலை, சார்" என்று எழுதுகிறவர்களிடம் என்ன சொல்வது? பிள்ளைகளுக்கு அதுதான் சொந்த ஊர். அதைப் பெற்றோர் அறியாதிருந்தால் ஒரே வீட்டில் இரண்டு நாடுகள் குடியிருக்கும்.

எல்லாருக்கும் இதைச் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூர்த் தேக்காவில் ஞாயிறு மாலை திரளும் நம் கட்டுமானத் தொழிலாளருக்கு ஊர் சுற்றக் குடும்பமே உடனில்லை. வேலை அனுமதிச் சீட்டில் செல்பவர் மனைவி மக்களை அழைத்துப்போக அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. அவர்கள் ஊர்க்காரரோடு கூடி நின்று பேசுவதே அவர்களுக்கு ஊர். நான் பேசுவது காரும் இரண்டு நாள் விடுமுறையும் கைவரப்பெற்றவர்களைப் பற்றி.

நமக்கும் இதில் பங்குண்டு. வெள்ளைத் தோல் கண்டால் இளநீர் விலை இரட்டிப்பாவது, கேளாமலே பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பது, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவது - இவற்றை விருந்தோம்பல் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பையனுக்குக் கன்னம் கிள்ளுவது அறவே பிடிக்கவில்லை என்று மாணவர் சொன்னார்.

கல்வெட்டின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி அக்குடும்பத்தார் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன், மாணவர் கொரிய மொழியில் ஆக்கினார். ஓலை எடுத்தவன் தன் வயதுச் சிறுவன் என்பதும், ஏரியைக் காக்க அறுவர் கொண்ட தனி வாரியம் இருந்தது என்பதும் பையனைப் பிடித்துக்கொண்டுவிட்டன. அந்த ஏரி இப்போதும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். இருக்கிறது, பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம் அது. வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர் நிறைந்தபின் வரச் சொல்லியிருக்கிறேன். கரைமேல் நடக்க வேண்டியிருக்கும். செருப்பு உறுதியாக இருக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.