ஒரு புரதத்துக்கு மூன்று பெயர்கள்

கலைச்சொல் என்பது தான் சுட்டும் பொருளைத் தானே விளக்கிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தமிழில் நெடுநாளாக உண்டு. அந்த எதிர்பார்ப்பு எல்லா இடத்திலும் நன்மை செய்வதில்லை என்பது என் கருத்து. மொழியியல் படித்தவனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று கேட்கலாம். பெயரிடுதல் எங்கள் துறையின் பொருள்தான். அதற்கு, மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் ஒரு சுரப்பியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பிட்யூட்டரி என்ற சொல்லின் வேர் சளியைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல். மூளையில் ஊறும் கபம் இச்சுரப்பி வழியாக வடிந்து மூக்கை அடைகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே கொன்ராட் ஷ்னைடர் அந்த நம்பிக்கையைத் தகர்த்தார். கொள்கை போயிற்று, பெயர் எஞ்சியது. அதன் பொருளைப் பெயர்த்து நாம் 'கபச் சுரப்பி' என்று ஆக்கிக்கொண்டோம். இன்றைய ஐரோப்பிய மாணவருக்கு இலத்தீன் தெரியாது. எனவே அந்தப் பிழை சொல்லுக்குள் உறங்குகிறது. தமிழ் மாணவருக்கோ அது விழித்துக்கொண்டு நிற்கிறது. கபத்துக்கும் அச்சுரப்பிக்கும் தொடர்பில்லை என்பதை ஆசிரியர் தனியாக விளக்கியாக வேண்டும்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. அதே சுரப்பியில், நம் காலத்திலேயே, இதற்கு இணையான ஒன்று நடந்திருக்கிறது.

பிட்யூட்டரியின் முன்மடலில் ஹார்மோன் சுரக்கும் செல்களுக்கிடையே, விண்மீன் கதிர்களைப் போலக் கைகளை நீட்டிக்கொண்டிருக்கும் வேறொரு வகைச் செல்கள் உண்டு. ரைன்ஹார்ட், ஃபார்குவார் இருவரும் 1953இல் மின்னணு நுண்ணோக்கியின் துணையோடு அவற்றை விவரித்தனர். அறியப்பட்ட பிட்யூட்டரி ஹார்மோன் எதையும் அவை சுரப்பதில்லை. 'ஃபாலிக்குலோஸ்டெல்லேட்' என்று வடிவத்தை வைத்தே அவற்றுக்குப் பெயர் அமைந்தது. 1989இல், ஜெனன்டெக் நிறுவனத்தில் பணியாற்றிய நெப்போலியோன் ஃபெராராவும் வில்லியம் ஹென்செலும் மாட்டுப் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த இச்செல்களை வளர்த்த ஊடகத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். குருதிக்குழலின் உட்சுவர்ச் செல்களை அது பெருகச் செய்தது. ஆகவே அதற்குக் 'குருதிக்குழல் உட்சுவர் வளர்ச்சிக் காரணி' என்று பொருள்படும் பெயரை இட்டனர். அதன் ஆங்கிலச் சுருக்கமே இன்று மருத்துவர் நாவில் வழங்கும் விஇஜிஎஃப்.

அதே ஆண்டில் ஷான் ப்ளூவேயும் உடனாய்வாளர்களும் சுண்டெலியின் பிட்யூட்டரிக் கட்டிச் செல்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து 'வாஸ்குலோட்ரோபின்' என்றனர். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1983இல், டொனால்ட் செங்கர், ஹரால்டு டுவோராக் குழுவினர் கினிப் பன்றிகளின் புற்றுக்கட்டி நீரிலிருந்து ஒரு பொருளைக் கண்டறிந்திருந்தனர். நரம்பில் சாயத்தைச் செலுத்திவிட்டு அப்பொருளைத் தோலில் ஊசியால் ஏற்றினால், அந்த இடத்தில் குழல்கள் கசிந்து தோல் நீலமாகும். அதனால் அவர்கள் 'குருதிக்குழல் கசிவுக் காரணி' என்று பெயரிட்டனர். பின்னர் மரபணு வரிசை வெளியானபோது மூன்றும் ஒன்றே என்று தெரிந்தது.

ஒரே புரதம் ஒரு சோதனையில் வளர்ச்சியாகவும் மற்றொரு சோதனையில் கசிவாகவும் பெயர் பெற்றது. செல் பெருகுகிறதா என்று எண்ணியவர் வளர்ச்சி என்றார். சாயம் கசிகிறதா என்று பார்த்தவர் கசிவு என்றார். அந்தப் பெயர்கள் பதிவு செய்திருப்பது ஆய்வாளர் கேட்ட கேள்வியைத்தான்.

இதில் ஒரு முரணும் உண்டு. வளர்ந்த உயிரியின் பிட்யூட்டரியில் குழல்கள் புதிது புதிதாகப் பெருகிக்கொண்டிருப்பதில்லை. அங்குள்ள நுண்குழல்களின் சுவரில் மிக நுண்ணிய சாளரங்கள் உண்டு. ஹார்மோன்கள் குருதியில் கலப்பது அவற்றின் வழியாகத்தான். எலிகளில் விஇஜிஎஃப்பின் செயலைத் தடுத்தபோது, பிட்யூட்டரி, தைராய்டு உள்ளிட்ட உறுப்புகளில் இத்தகைய சாளரக் குழல்கள் குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நலமான சுரப்பியில் இப்புரதத்தின் வேலை, பெரிதும் குழலைத் திறப்புள்ளதாகப் பேணுவது. அதாவது, புற்றுக்கட்டியிலிருந்து பிறந்த பெயர் நலமான சுரப்பிக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. சுரப்பிச் செல்களிலிருந்து பிறந்த பெயரோ புற்றுநோய் மருத்துவத்துக்குப் பொருந்தியது, அதுவே நிலைத்தது.

நிலைத்த பெயர் இப்போது நோயாளியின் படுக்கை வரை வந்துவிட்டது. இப்புரதத்தைத் தடுக்கும் பெவசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. அதையே மிகச் சிறிய அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குள் செலுத்தும் வழக்கம் அடுத்த சில ஆண்டுகளில் பரவியது. விலை குறைவு என்பதால் இந்தியாவிலும் வேரூன்றியது. நான் படிக்கும் வட இந்திய நகரில், தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் ஒருவருக்கு மொழிபெயர்க்கக் கண் மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். சர்க்கரை நோயால் அவர் விழித்திரையில் நீர் கோத்திருந்தது. வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் ஊசி என்று படிவத்தில் இருந்ததைச் சொன்னதும் அவர் கேட்டார்: "கண்ணுக்குள்ள என்ன தம்பி வளருது? கட்டியா?" அவருக்கு அங்கே கட்டி எதுவும் வளரவில்லை. குழல் கசிந்துகொண்டிருந்தது, ஊசி அந்தக் கசிவைக் குறைப்பதற்கு. 'கசிவைக் குறைக்கும் மருந்து' என்று சொன்னவுடன் அவருக்கு விளங்கிற்று, அச்சமும் தணிந்தது.

பெயர் வெறும் அடையாளம்தானே, பழகினால் பொருள் மறந்துபோகும் என்று சிலர் சொல்லக்கூடும். ஆய்வகத்தில் அது உண்மை. நாள்தோறும் ஒரு சொல்லைக் கையாளுகிறவர் அதன் உட்பொருளை நினைப்பதில்லை. ஆனால் நோயாளி அச்சொல்லை வாழ்க்கையில் ஒருமுறைதான் சந்திக்கிறார். அவருக்கு அந்தப் பெயரே விளக்கம். தமிழ்ச் சொல்லாக்கத்தின் பகுதிகள் வெளிப்படையாகத் தெரிவது நம் மொழியின் வலிமை. பெயருக்குள் அரை உண்மை இருந்தால், அதே வெளிப்படைத்தன்மை அந்த அரை உண்மையையும் உரக்கச் சொல்லிவிடும்.

தமிழில் அறிவியல் வேண்டாம் என்பதன்று நான் சொல்வது. நம்மிடம் நல்ல முன்னுதாரணங்களே இருக்கின்றன. ஆக்சிஜனுக்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள். அது லவாய்சியேவின் தவறான கருத்திலிருந்து பிறந்தது. ஜெர்மன் மொழி அப்பிழையையே பெயர்த்துக்கொண்டது. தமிழின் 'உயிர்வளி' அதைத் தொடவில்லை. கேடயச் சுரப்பி வடிவத்தையும் அண்ணீரகச் சுரப்பி இடத்தையும் சொல்கின்றன. புதிய ஆய்வு எதுவும் அவற்றைப் பொய்யாக்கப்போவதில்லை. கபச் சுரப்பிக்குக்கூட 'மூளையடிச் சுரப்பி' என்ற பிழையற்ற மாற்று புழக்கத்தில் உள்ளது; பாடநூல்கள் அதை நிலையாகக் கைக்கொள்ளலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. உறுப்புக்கும் செல்லுக்கும் பெயரிடும்போது இடத்தையும் வடிவத்தையும் முதலில் பாருங்கள். செயல் இன்னும் ஆய்விலிருக்கும் மூலக்கூறானால், விஇஜிஎஃப் என்பதைத் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டுவிட்டு, அது அந்த நோயில், அந்த உறுப்பில் என்ன செய்கிறது என்பதை ஒரு முழு வாக்கியத்தில் எழுதுங்கள். ஆராய்ச்சி மாறும்போது வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளலாம். பாடநூலிலும் ஒப்புதல் படிவத்திலும் ஊறிப்போன பெயரைத் திருத்துவது அத்தனை எளிதன்று. கபம் என்ற சொல் இன்னும் அந்தச் சுரப்பியை விட்டுப் போகவில்லை.