பூவைப் பார்க்க யார் அனுமதி வேண்டும்?

சித்திரை பிறந்தால் எங்கள் தோட்டத்துச் சரக்கொன்றை இலை தெரியாமல் பூத்துத் தொங்கும். காலை வெயில் அதன்மேல் சாய்வாக விழுவது இருபது நிமிடம்தான். கைபேசியோடு மரத்தடியில் நின்றால் உள்ளேயிருந்து குரல் வரும்: "பால் பொங்குது, அங்கே என்ன பண்றே?" முன்னறையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் பாலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பெண்ணுக்கும் பூவுக்கும் இயல்பான உறவு என்கிறார்கள். என்ன உறவு? பறித்துச் சாமிக்குப் போட்டால் பக்தி. தொடுத்துத் தலையில் வைத்தால் மங்கலம். கணவன் செத்தால் அதே பூவைத் தலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பூவை வைத்து வேலை செய்யும் கடமை நமக்கு உண்டு. சும்மா நின்று பார்க்கும் உரிமை இல்லை. பார்த்தால் சோம்பேறி. படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பினால், 'காலை வணக்கம்' படம் என்று கேலி.

இமோஜன் கன்னிங்ஹாமை நினைத்துக்கொள்கிறேன். 1910இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சொந்தமாக ஸ்டூடியோ திறந்தவர். ஒளிப்படக் கலையைப் பெண்கள் தொழிலாகக் கொள்ளலாம் என்று 1913இல் கட்டுரை எழுதியவர். திருமணமானது, மூன்று மகன்கள், அவர்களில் இருவர் இரட்டையர். 1917இல் ஸ்டூடியோவை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கலிஃபோர்னியா போனார். பிள்ளைகளை விட்டு நகரமுடியாத ஆண்டுகளில் வீட்டுத் தோட்டத்தில் இருந்ததையே படமெடுத்தார். 1925இல் அவர் எடுத்த மக்னோலியா மலர் இன்றும் பேசப்படுகிறது. 1929இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கண்காட்சி வரை அவருடைய செடிகொடிப் படங்கள் போய்ச் சேர்ந்தன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், "பாருங்கள், பிள்ளை வளர்த்துக்கொண்டே சாதித்தாள்" என்று முடிப்பார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அவருடைய கணவரும் கலைஞர்தான். உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடும் ஓவியர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி வரைந்தீர்கள் என்று அவரை யார் கேட்டார்கள்? 1934இல் கன்னிங்ஹாமுக்கு நியூயார்க்கில் வேலை வந்தபோது, தானும் வரும்வரை பொறுக்கச் சொன்னார் கணவர். அவர் பொறுக்கவில்லை, போனார். மணவாழ்க்கை முறிந்தது. அந்தத் தோட்டம் வரமாகக் கிடைத்ததல்ல, வேலியாக அமைந்தது. வேலிக்குள் நின்றும் அவர் அப்படிப் பார்த்தார் என்றால் பெருமை அவர் கண்ணுக்கு. அதை வேலிக்குக் கொடுக்காதீர்கள்.

தோழிகளே, பூவைப் படமெடுங்கள். யாராவது கேட்டால் "சும்மாதான் எடுத்தேன்" என்று சொல்லாதீர்கள். எந்த நாள், எந்த வெளிச்சம், என்ன பூ என்று எழுதிவையுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். கொன்றைக்கு அந்த வெயில் இருபது நிமிடம்தான். பால் பொங்கினால் அடுப்பை அணைக்க, முன்னறையில் இருப்பவருக்கும் கை இருக்கிறது.