பத்தாம் திகதிக்கு முன்பே முடிந்துபோகும் சம்பளம்



சம்பளம் போதாது என்று இந்தத் தாளில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். இனியும் எழுதுவோம். அரிசியும் மாவும் விலை ஏறிக்கொண்டே இருக்க, தொழிலாளியைப் பார்த்து "சிக்கனமாக இரு" என்று சொல்லும் கம்பனிக்காரரின் உபதேசம் நமக்குத் தேவையில்லை. ஆனால் அந்தப் போதாத சம்பளமும் யார் யார் கைக்குப் போகிறது என்பதை நாம் நமக்குள் பேசியே ஆகவேண்டும். நாம் பேசாவிட்டால் வேறு யாரும் பேசப்போவதில்லை.

இன்று பல லயங்களில் சம்பள நாளைவிடப் பெரிய நாள், வாரக் கடன் வசூலிக்க மோட்டார் சைக்கிளில் ஆள் வரும் நாள். பாடசாலையில் படிப்பிக்கிற எனக்கு அந்த நாளை இடாப்பிலேயே கண்டுபிடிக்கலாம். அன்று சில பிள்ளைகள் வருவதில்லை. மறுநாள் கேட்டால், "அம்மா மலைக்குப் போயிட்டாங்க டீச்சர், லோன்காரர் வந்தா ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லச் சொன்னாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு பதில் வரும். எட்டு வயதுப் பிள்ளையை வாசலில் காவல் வைக்கும் அளவுக்கு அந்தத் தாய் பயந்துபோயிருக்கிறாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கடனின் கணக்கை அவளுக்கு யாரும் கரும்பலகையில் போட்டுக் காட்டவில்லை. இங்கே போட்டுப் பார்ப்போம்.

50,000 ரூபா கடன். வாரம் 1,250 ரூபா வீதம் 52 வாரம் கட்டவேண்டும். மொத்தம் 65,000. வட்டி 15,000 ரூபா, அதாவது நூற்றுக்கு 30 என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 50,000 ரூபா வருடம் முழுவதும் உங்கள் கையில் இல்லையே! முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஆறு மாதத்தில் முதலில் பாதி போய்விடுகிறது. வட்டியோ கடைசி வாரம் வரை முழு ஐம்பதாயிரத்துக்கும்தான். உண்மையான மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி நூற்றுக்கு 50ஐத் தாண்டுகிறது. பத்திரச் செலவு, காப்புறுதி என்று ஆரம்பத்திலேயே கொஞ்சம் பிடித்துக்கொண்டால் இன்னும் கூடும். இந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியிடம் வாங்கும்போதுதான் குடும்பம் விழுகிறது. குழுக் கடன் என்றால் பக்கத்துக் காம்பராக்காரியும் சேர்ந்து விழுகிறாள். கூடப் பிறந்தவர்களாய் இருந்த பெண்கள் பீலிக்கரையில் முகம் பார்க்காமல் தண்ணீர் பிடிப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இது நமது மலையகத்துக்கு மட்டும் வந்த கேடல்ல. 2021இல் பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் நுண்கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கடன்பட்டதற்கு வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் வெளியே வந்து உட்கார்ந்ததே அவர்கள் செய்த பெரிய காரியம்.

சங்கம் ஏன் வீட்டுக் கணக்கில் தலையிடுகிறது என்று சிலர் கேட்கலாம். 2018 டிசம்பரில் ஆயிரம் ரூபா கேட்டு வேலையை நிறுத்தினோம். 2019 ஜனவரியில் கையெழுத்தானது 700 ரூபா அடிப்படைச் சம்பளம். ஆயிரம் வந்தது 2021இல்தான். அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை யாரும் மேடையில் சொல்வதில்லை. அடுத்த வாரம் தவணை கட்டவேண்டியவன் எத்தனை நாள் பெரட்டுக்குப் போகாமல் இருப்பான்? நம் வீட்டில் ஒரு மாத அரிசிக்குக் கையில் காசில்லை என்பது நமக்கு முன்பே கம்பனிக்குத் தெரியும்.

மலையகத்தானுக்குச் சேமிக்கத் தெரியாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சுத்தப் பொய். தீபாவளி முற்பணத்தைப் பாருங்கள். 20,000 ரூபா வாங்கினால் மாதம் 2,000 வீதம் பத்து மாதம் சம்பளத்தில் கழிக்கிறார்கள். கழித்த மிச்சத்தில்தானே வருடா வருடம் சீவிக்கிறோம்! சங்கச் சந்தாவும் அப்படித்தான், சேமலாப நிதியும் அப்படித்தான். கையில் படாத காசை நாம் தேடுவதில்லை. அந்தப் பழக்கத்தை நமக்காகத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு வருடம் முற்பணத்தில் பாதியை மட்டும் எடுங்கள். அந்தத் தீபாவளி கொஞ்சம் சின்னதாக இருக்கும், பிள்ளைகள் முகம் சுருங்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் மாதம் 1,000 ரூபா கழிவு குறையும். அந்த ஆயிரத்தைச் சம்பளம் வந்த அன்றே, கடைக் கொப்பியைத் தீர்க்கப் போகுமுன், வங்கியில் வேறு கணக்கில் போடுங்கள். அடுத்த தீபாவளிக்கு அந்தப் பாதி வட்டியுமில்லாமல் கடனுமில்லாமல் உங்கள் சொந்தக் காசாக இருக்கும்.

அந்தக் கணக்கு கொழுந்து பறிப்பவளின் பெயரில் இருக்கட்டும். மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையெழுத்துப் போட்டு வாங்கும் வழக்கம் நம் அப்பாமார் காலத்தோடு போயிருக்கவேண்டும். இன்று அதே வேலையை வங்கி அட்டை செய்கிறது. அட்டை அவர் சட்டைப் பையில், இரகசிய இலக்கமும் அவருக்குத்தான் தெரியும். பத்தாம் திகதி மாலையில் தவறணை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். இங்கே இவ்வளவு போதும்: ஆண் தோழர்களே, அது அவளுடைய முதுகில் சுமந்த கொழுந்து.

கடைசியாக, ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறவர்களுக்கு. சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, நிர்வாகம் 12 செலுத்தவேண்டும். நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மட்டும் 3. இவை தவிர, நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 2024இல் நிர்ணயமான 1,350 ரூபாவில் பார்த்தாலும் 30 வருடத்துக்கு 5,67,000 ரூபா வருகிறது. இந்தக் காசு வரப்போவது தெரிந்ததும் வீட்டுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடும். மருமகனுக்கு ஆட்டோ எடுக்க முற்பணம், பேத்தியின் சடங்குக்கு மண்டபம், யாருக்கோ வெளிநாடு போக ஏஜன்சிக் காசு. பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. வந்த அன்று கொடுக்காதீர்கள், மூன்று மாதம் நிலையான வைப்பில் கிடக்கட்டும் என்று மட்டும் கேட்கிறேன். மூன்று மாதம் கழித்தும் அதே அவசரம் இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

அடுத்த மாதர் கூட்டத்துக்கு வரும்போது சம்பளத் துண்டையும் கடன் பத்திரத்தையும் கட்டிய பற்றுச்சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். அடகுச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள், மீட்கவேண்டிய திகதியைப் பார்க்கவேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, உயர்தரம் படிக்கிற நம் பிள்ளைகள் நான்கு பேர் கணிப்பானோடு மேசையில் இருப்பார்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்க்காதபடி தனித்தனியாகப் பார்க்கப்படும். கணவன்மாரும் வரலாம்.